நேரத்துக்கும் பூட்டு வேண்டுமா?

கேள்வி: எங்கள் சர்வர்கள் விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) வழியாகவே என்டிபி (கணினிக் கடிகாரங்களை நெட்வொர்க் மூலம் சரிசெய்யும் முறை) நேரம் பெறுகின்றன. ஆனாலும் கடிகாரம் சில மில்லிசெகண்ட் தள்ளியே நிற்கிறது. ஏன்?

பதில்: போகிற நேரமும் வருகிற நேரமும் சமமாக இல்லாததுதான் காரணமாக இருக்கும். பாக்கெட் போய்வந்த நேரத்தில் பாதியை ஒருவழி நேரமாக என்டிபி எடுத்துக்கொள்கிறது. போக 12, வர 4 மில்லிசெகண்ட் என்றால் கடிகாரம் 4 மில்லிசெகண்ட் பிசகும். விபிஎன் வரிசையில் ஒரு பக்கம் நெரிசல் கூடினாலே இது நடக்கும்.

நேரம் ஒன்றும் ரகசியமல்ல, விபிஎன்னுக்குள் மறைத்து வைக்க. வழியில் யாரும் திருத்தவில்லை என்ற உறுதிதான் முக்கியம். அதற்காகவே 2020-ல் என்டிபிக்கான பாதுகாப்பு முறையான என்டிஎஸ் தரமாக்கப்பட்டது. டிசிபி போர்ட் 4460-ல் டிஎல்எஸ் (சான்றிதழைச் சரிபார்த்துப் பாதுகாப்பாகப் பேசும் முறை) மூலம் சாவிகளும் குக்கிகளும் முதலில் வந்துசேரும். பிறகு நேரம் வழக்கம்போல யுடிபியில், மறைக்கப்படாமல், முத்திரையோடு வரும். க்ரோனி என்ற என்டிபி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் சர்வர் வரியின் கடைசியில் ‘என்டிஎஸ்’ (nts) என்று சேருங்கள். ஃபயர்வாலில் 4460 அடைபட்டிருந்தால் சாவியே வராது. முதலில் அதைப் பாருங்கள்.

பாக்கெட்டை வேண்டுமென்றே தாமதப்படுத்துபவரை எந்த என்கிரிப்ஷனும் தடுக்காது. அதிகம் தாமதமான பாக்கெட்டை ஒதுக்க, க்ரோனியில் ‘மேக்ஸ்டிலே’ (maxdelay) வரம்பு வையுங்கள். வெவ்வேறு பாதைகளில் குறைந்தது 4 நேர மூலங்கள் இருக்கட்டும்.

கேள்வி: பேட்டரி தீர்ந்த கருவி 1970 என்று காட்டியபடி எழுந்தால்?

பதில்: நேர சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டிஎல்எஸ் மறுத்துவிடும். க்ரோனியில் ‘நோசெர்ட்டைம்செக் 1’ (nocerttimecheck 1) கொடுத்தால், முதல் திருத்தம் வரை மட்டும் தேதிச் சோதனை தளரும். அந்த இடைவெளியில் காலாவதியான சான்றிதழும் நுழையலாம். ஆகவே, கடிகார பேட்டரி இல்லாத கருவிகளுக்கு மட்டும் இதைக் கொடுங்கள்.