ஹார்னஸ் ஷீல்டு முடிப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஹார்னஸின் (கம்பிக்கட்டின்) ஷீல்டை, அதாவது கம்பிகளைச் சுற்றிய உலோக இழைக் கவசத்தை, முறுக்கிப் பிக்டெயிலாக்கி (வால் போன்ற ஒற்றைக் கம்பியாக்கி) கனெக்டர் பின்னில் கொடுத்தால் போதாதா? மீட்டர் பூஜ்ஜியம் ஓம் காட்டுகிறதே?

பதில்: மீட்டர் பார்ப்பது டிசியை. குறுக்கீடு வருவதோ மெகாஹெர்ட்ஸில். கம்பிக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 50 மி.மீ. பிக்டெயில், 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 31 ஓம். ஷீல்டில் ஓடும் கரண்ட் அங்கே வோல்டேஜாக எழும்பி உள்கம்பிகளில் ஏறும். கனெக்டர் பின் வழியாகப் போனால் இரைச்சல் நேரே கருவிப் பெட்டிக்குள் நுழையும். பிரெய்டு (பின்னிய ஷீல்டு) சுற்றளவு முழுக்க, கனெக்டரின் பின்பக்க உலோக உறையான பேக்‌ஷெல்லைத் தொட்டாக வேண்டும். ஜாக்கெட்டை உரிக்கும்போது பிரெய்டில் கத்தி படவே கூடாது.

கேள்வி: பேண்ட் (பிரெய்டை இறுக்கும் உலோகப் பட்டை) போட்டும் பிரெய்டு நழுவுகிறது.

பதில்: பேண்ட் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறதா? பிரெய்டு மடிப்பில்லாமல் பேக்‌ஷெல்லின் வரிப்பகுதி மேல் பரவியிருக்கிறதா? 6 மி.மீ. பேண்டுக்கு டூலின் இழுவை 150 பவுண்டு, 3 மி.மீ. குறும்பேண்டுக்கு 80. இதை மாற்றி வைத்தால் ஒன்று நழுவும், இல்லையேல் இழைகள் அறுந்துபோகும். கைப்பிடி பூட்டிக்கொள்ளும்வரை அழுத்துங்கள். பேண்டின் வாலை ஒட்ட வெட்டுங்கள். துருத்திய முனை பக்கத்துக் கம்பியின் காப்பைக் கிழிக்கும். கழற்றிய பேண்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: சோல்டர் ஸ்லீவ் (உள்ளே சோல்டர் வளையமுள்ள, சூட்டில் சுருங்கும் குழாய்) பிடிக்கவில்லை.

பதில்: உருகிய பின்னும் சோல்டர் வளையத்தின் வடிவம் தெரிந்தால் சூடு போதவில்லை. ஸ்லீவ் பழுப்பேறினால் சூடு அதிகம். நிக்கல் பூசிய பிரெய்டானால் சாதாரண ஸ்லீவ் ஒட்டாது, அதற்கென்றே உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: ஷீல்டை இரண்டு முனையிலும் கிரவுண்ட் செய்தால் லூப் (கிரவுண்ட் வழியே சுற்றும் கரண்ட்) வராதா? ஆடியோ லைனில் விமான மின்சாரத்தின் 400 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும் என்கிறார்கள்.

பதில்: ஆடியோவுக்கு அது சரிதான். ஆனால் ஒரு முனையில் மட்டும் கட்டுவதை எல்லா ஹார்னஸுக்கும் விதியாக்குவதுதான் தவறு. ஒரு முனை திறந்த 3 மீட்டர் ஷீல்டு, 25 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலைநீளமாகிவிடும், ஷீல்டே ஆன்டெனா. மின்னலுக்கும் ரேடார் அலைக்கும் இரு முனையும் கட்டப்பட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஆடியோ என்ன ஆவது?

பதில்: உள்ஷீல்டை ஒரு முனையில், வெளி பிரெய்டை இரு முனையிலும் கட்டுங்கள். டிராயிங்கில் வேறு சொல்லியிருந்தால் டிராயிங்தான்.

கேள்வி: பிக்டெயில் 20 மி.மீ. என்றால் பரவாயில்லையா?

பதில்: முதல் பதிலில் கணக்கு இருக்கிறது. 12.6 ஓம்.

கேள்வி: பிக்டெயிலைத் தடித்த கம்பியில் போட்டால்?

பதில்: நீளம்தான் பிரச்சினை, தடிமன் அல்ல.

கேள்வி: முடித்ததை எப்படிச் சோதிப்பது?

பதில்: நான்கு முனை மில்லிஓம் மீட்டரால். பேக்‌ஷெல்லுக்கும் பிரெய்டுக்கும் இடையே டிராயிங் பெரும்பாலும் கேட்பது 2.5 மில்லிஓமுக்குள். கூடினால் முதலில் பேண்டுக்கு அடியில் அறுந்த இழைகளைத் தேடுங்கள். பிரெய்டில் கத்தி பட்டிருக்கும்.