வருகிறவர் பெயரை அறிவித்துவிட்டார்கள், நான் இன்னும் மைதானத்தில் நிற்கிறேன்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 24 வருடமாக பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். வயது 56. கால்பந்து அணியைத் தயார் செய்வது நான்தான். போன மாதம் காலை பிரேயரில் கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்து, வரும் ஜூனிலிருந்து அணிக்குப் புது கோச் வருகிறார் என்று அறிவித்தார். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிறவருக்கு 31 வயது, லைசென்ஸ் எல்லாம் வாங்கியவர். பொங்கல் கழித்து ஒரு பெரிய கோப்பைப் போட்டி இருக்கிறது. இப்போதே அணியை விட்டுவிட்டு டிரில் பீரியடோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. நண்பர் ஒருவர், ஜெர்மனிக்காரர் ஹைன்கெஸ் கதையைப் படி, இதே நிலையில் மூன்று கோப்பை வாங்கினார் என்கிறார். அவர் பெரிய பிளேயர், நான் கல்லூரி அணியோடு நின்றவன். அவர் கதை எனக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொன்று, என் பயிற்சி நோட்டுகளைப் புதியவரிடம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

சார், முதலில் அந்த பிரேயர் விஷயம். 24 வருடம் வெயிலில் நின்றவருக்கு இப்படி ஒரு செய்தி, ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிற அதே நொடியில், அதே ஸ்பீக்கர் வழியாகத் தெரிந்திருக்கக் கூடாது. உங்கள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. அதை ஆற்ற என்னிடம் மருந்தும் இல்லை. நண்பர் சொன்ன கதைக்கு வருகிறேன். அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் இனிக்கிற பாதியை.

யுப் ஹைன்கெஸ், 1945 மே மாதம் மோன்ஷென்கிளாட்பாக்கில் பிறந்தவர். கொல்லர் வீட்டில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. கையில் கற்ற தொழில் சுவர்ப் பூச்சு வேலை. ஊர் அணியான போருசியாவில் ஹென்னஸ் வைஸ்வைலர் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்து, 1965-ல் அந்த அணி முதல் முறையாக புண்டஸ்லிகாவுக்கு (ஜெர்மனியின் முதல்நிலை லீக்) ஏறியபோது கூடவே ஏறினார். நடுவில் மூன்று வருடம் ஹனோவர், பிறகு மறுபடி சொந்த ஊர். நான்கு லீக் பட்டம், ஒரு ஜெர்மன் கோப்பை, ஒரு யுஇஎஃப்ஏ கோப்பை. புண்டஸ்லிகாவில் 369 ஆட்டத்தில் 220 கோல். 1972-ல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையையும் 1974-ல் உலகக் கோப்பையையும் வென்ற மேற்கு ஜெர்மனி அணிகளில் இருந்தவர். ஆக, பெரிய பிளேயர்தான், மறுக்க முடியாது.

அவர் விளையாடிய கடைசி லீக் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1978 ஏப்ரல் 29. கிளாட்பாக்கும் (அவருடைய போருசியாதான்) கொலோனும் சம புள்ளியில் இருக்கின்றன. கோல் வித்தியாசத்தில் கொலோன் பத்து கோல் முன்னால். கிளாட்பாக்குக்கு எதிரில் டோர்ட்முண்ட். சொந்த மைதானத்தில் வேலை நடந்ததால் ஆட்டம் டுஸல்டார்ஃபில். முதல் நிமிடத்திலேயே ஹைன்கெஸ் கோல் போடுகிறார். இடைவேளைக்குள் ஆறு. முடியும்போது 12-0. அவர் மட்டும் ஐந்து. அன்றைக்கு கொலோன் என்ன செய்தது? அதுவும் சும்மா இருக்கவில்லை, 5-0 என்று ஜெயித்து, மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடைபெறும் நாளில் ஐந்து கோல் போட்டும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன மனிதர் இவர். (அன்று பன்னிரண்டு வாங்கிய டோர்ட்முண்டின் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல். உடனே வேலை போயிற்று. அதே ரேஹாகல்தான் 2004-ல் கிரீஸை ஐரோப்பிய சாம்பியனாக்கினார். இதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும், யாராவது கடிதம் போட்டால்.)

"பெரிய பிளேயர், அதனால் முடிந்தது" என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. 1979-ல், 34 வயதில் கிளாட்பாக்கின் பொறுப்பு கைக்கு வந்தது. எட்டு வருடம் இருந்தார், ஒரு கோப்பை இல்லை. 1987-ல் பயர்ன் மியூனிக் போனார். 1989, 1990 இரண்டு வருடமும் லீக் பட்டம். 1990 கொண்டாட்டத்தில் மியூனிக் நகர மண்டப பால்கனியில் நின்று, அடுத்த வருடம் ஐரோப்பியக் கோப்பையோடு (கிளப்களுக்கானது, இப்போதைய சாம்பியன்ஸ் லீக்) வருகிறோம் என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் அரையிறுதியில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரிடம், கடைசி நேரத்தில் சொந்த வலைக்குள் விழுந்த கோலில், எல்லாம் முடிந்தது. 1991 அக்டோபரில் வேலையும் போயிற்று. அவரை அனுப்பியவர் கிளப்பின் மேனேஜர், நெருங்கிய நண்பர் ஊலி ஹோனெஸ். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று ஹோனெஸ் பிற்பாடு பல தடவை சொல்லிவிட்டார். சொல்லி என்ன, போனது போனதுதானே.

அப்புறம் ஃபிராங்க்ஃபர்ட். இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வருகிற கோபம் அங்கேயும் இருந்தது. 1994 டிசம்பரில், பயிற்சியில் ஒழுங்காக உழைக்கவில்லை என்று யெபோவா, ஒகோச்சா, கௌடினோ மூவரையும் கூடுதலாக ஓடச் சொன்னார். யெபோவா அணித் தலைவர், கோல் இயந்திரம். மூன்று பேரும் அடுத்த ஆட்டத்தில் ஆட மறுத்தார்கள். இவரும் இறங்கி வரவில்லை, அணியிலிருந்து நீக்கினார். யெபோவாவும் கௌடினோவும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். நான்கு மாதம் கழித்து ஹைன்கெஸும் கிளம்பிவிட்டார். 220 கோல் போட்ட கால் அங்கே ஒரு உதவியும் செய்யவில்லை. பையன்கள் ஒரு கோச்சிடம் பார்ப்பது அவருடைய பழைய ஸ்கோர் புத்தகத்தை அல்ல என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 24 வருடம் பார்த்திருக்கிறீர்கள்.

1998-ல் ரியல் மாட்ரிட். ஆம்ஸ்டர்டாமில் யுவென்டஸை 1-0 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக். ரியலுக்கு 32 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை. ஆனால் உள்ளூர் லீகில் நான்காவது இடம். கோப்பையோடு ஊருக்கு வந்தவரை அந்தக் கோடையிலேயே அனுப்பிவிட்டார்கள். ஜெயித்துக் காட்டினால் முடிவை மாற்றிக்கொள்வார்கள் என்று மனதின் ஓரத்தில் ஒரு நப்பாசை உங்களுக்கு இருந்தால், அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது நண்பர் சொன்ன பாதி. 2011-ல் ஹைன்கெஸ் மறுபடி பயர்னில் பொறுப்பேற்றார். 2012 வசந்தம் அவருக்கு மோசமான காலம். லீகில் டோர்ட்முண்டுக்குப் பின்னால் இரண்டாம் இடம். ஜெர்மன் கோப்பை இறுதியில் அதே டோர்ட்முண்டிடம் 2-5. ஒரு வாரத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, அதுவும் சொந்த மியூனிக் மைதானத்தில், செல்சீக்கு எதிராக. 83-வது நிமிடத்தில் பயர்னின் முல்லர் கோல். 88-ல் ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பயர்னுக்கு ஒரு பெனால்டி. ரோபன் அடித்தார், செல்சீ கோல்கீப்பர் செக் பிடித்துவிட்டார். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு வந்த ரோபனைச் சொந்த ரசிகர்களே விசிலடித்து இழிவுபடுத்தினார்கள்.

அந்தக் கோடையில் ஹைன்கெஸ் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அணியைக் கலைக்கவில்லை. பில்பாவோவிலிருந்து ஹவி மார்ட்டினெஸ் என்ற நடுக்களக்காரரை 4 கோடி யூரோ கொடுத்து வாங்கச் செய்தார். ஜெர்மன் லீகில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை இல்லை. மார்ட்டினெஸும் ஷ்வைன்ஸ்டைகரும் நடுவில் இரட்டைத் தூண். இரண்டு பக்கவாட்டிலும் இருந்த ரிபெரியையும் ரோபனையும், பந்து போய்விட்டால் தங்கள் பெனால்டி ஏரியா வரை ஓடி வந்து ஃபுல் பேக்குக்கு (ஓரத்துத் தடுப்பாட்டக்காரருக்கு) உதவ வைத்தார். நட்சத்திரங்களைப் பின்னால் ஓட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடுதலாக ஓடச் சொல்லி ஒரு அணியையே இழந்த அதே ஆள், 67 வயதில் இதைச் சாதித்தார். இடையில் கழிந்த 18 வருடத்தில் கண்டிப்பு குறையவில்லை, சொல்கிற விதம் மாறியிருந்தது. ரோபனைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்தார். ஏப்ரலில் டோனி குரோஸுக்குக் காயம் பட்டபோது ரோபன் திரும்பி உள்ளே வந்தார், முறைத்துக்கொண்டு அல்ல.

இதற்கு நடுவில்தான் உங்கள் பிரேயர் மைக். 2013 ஜனவரி 16, லீக் குளிர்கால இடைவேளையில் இருக்கிறது, பயர்ன் முதலிடத்தில். கோடையிலிருந்து பெப் கார்டியோலா பயிற்சியாளர், மூன்று வருட ஒப்பந்தம் என்று கிளப் அறிவித்தது. உலகமே கார்டியோலாவைப் பற்றிப் பேசிற்று. அன்றைக்கு வேலையில் இருந்தவர் பெயர் செய்தியில் இரண்டாவது பத்தியில் வந்தது.

அதற்குப் பிறகு லீகில் மிச்சம் 17 ஆட்டம். 16 வெற்றி, ஒரு டிரா. ஹம்பர்க்கை 9-2. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, ஆறு ஆட்டம் மீதி இருக்க, பட்டம் உறுதி. மொத்தம் 91 புள்ளி, வாங்கிய கோல் வெறும் 18. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டம் சேர்த்து 7-0. மே 25, வெம்ப்ளி, எதிரில் டோர்ட்முண்ட். 1-1 என்று இழுத்துக்கொண்டே போகிறது. 89-வது நிமிடம், ரிபெரி குதிகாலால் தட்டிவிட, ரோபன் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து தொடுகிறார். சீறிப் பாயவில்லை, கோல்கீப்பரைத் தாண்டி அந்தப் பந்து உருண்டுதான் போனது. போன வருடம் விசில் வாங்கிய அதே ரோபன். பால்கனி வாக்கு 23 வருடம் கழித்து நிறைவேறியது. ஒரு வாரம் கழித்து பெர்லினில் ஸ்டுட்கார்ட்டை 3-2 என்று வென்று ஜெர்மன் கோப்பையும். ஒரே பருவத்தில் இந்த மூன்றையும் வென்ற முதல் ஜெர்மன் கிளப் அதுதான்.

அந்த வருடம் அவருடைய கடைசி லீக் ஆட்டம் எங்கே வந்தது தெரியுமா? சொந்த ஊர் கிளாட்பாக்கில். பத்து நிமிடத்துக்குள் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தார்கள். பட்டம் எப்போதோ கைக்கு வந்துவிட்டது, அந்த ஆட்டத்தில் தோற்றாலும் ஒன்றும் குறைந்திருக்காது. போகப்போகிற ஒரு கிழவருக்காக அந்தப் பையன்கள் ஏன் அப்படி ஓடினார்கள்? பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் பேச உட்கார்ந்தவருக்குத் தொண்டை அடைத்து அழுகை வந்துவிட்டது.

உங்கள் நண்பர் இதோடு புத்தகத்தை மூடிவிட்டார். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் அஞ்சலோட்டியை அனுப்பிவிட்டு, 2017 அக்டோபரில் 72 வயதுக்காரரைப் பண்ணை வீட்டிலிருந்து பயர்ன் மறுபடி அழைத்தது. வந்தார், டோர்ட்முண்டைவிட ஐந்து புள்ளி பின்தங்கியிருந்த அணியை எடுத்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மறுபடியும் சீசன் முடியும் முன்பே அடுத்தவர் பெயர் அறிவிப்பு, இந்த முறை நிகோ கோவாச். அப்போது ஃபிராங்க்ஃபர்ட்டின் பயிற்சியாளர். 2018 மே 19, ஜெர்மன் கோப்பை இறுதியில் பயர்னும் ஃபிராங்க்ஃபர்ட்டும். ஹைன்கெஸின் கடைசி ஆட்டம். தன் நாற்காலியில் உட்காரப்போகிறவரின் அணியிடம் 1-3 என்று தோற்றார்.

அதனால், பொங்கல் கழித்துக் கோப்பை வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். 12-0 என்று ஜெயித்தும் பட்டம் போகலாம், மாற்று ஆளிடமே தோற்கவும் செய்யலாம். ஜெயித்தாலும் கரஸ்பாண்டன்ட் மனம் மாறப்போவதில்லை. இதெல்லாம் தெரிந்தபிறகும் சாயங்காலம் மணியடித்ததும் கால் தானாக மைதானத்துப் பக்கம் போகிறதா? போனால் விலகாதீர்கள். ஜூன் வரை அந்தப் பையன்கள் உங்கள் பையன்கள்தான். நாளைக்கே அவர்களை உட்கார வைத்து நீங்களே பேசிவிடுங்கள். மைக்கில் கேட்ட செய்தியை உங்கள் வாயால் அவர்கள் இன்னும் கேட்கவில்லை, குழப்பத்தில் இருப்பார்கள். நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "ஜூன் வரைக்கும் நான். பயிற்சி வழக்கம்போல நாலரைக்கு" என்றால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு வாரம் உங்களையே கவனியுங்கள். நிர்வாகத்தின் மேல் இருக்கிற எரிச்சல் பாஸைத் தவறவிட்ட எட்டாம் வகுப்புப் பையன் மேல் விழுகிறது என்று தெரிந்தால், அன்றைக்கே விலகிவிடுங்கள். அது ஃபிராங்க்ஃபர்ட் வழி.

நோட்டு விஷயம். டிரில் படங்கள், நீங்களே யோசித்துக் கண்டுபிடித்த கார்னர் வித்தைகள், இவையெல்லாம் உங்கள் உழைப்பு. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொடுத்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் யாருக்கு முட்டியில் பழைய அடி, யாருக்கு இழுப்பு வரும், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் நேரில் கொடுங்கள். ஆபீஸ் வழியாக அனுப்பாதீர்கள், பீரோவில் தூங்கிவிடும்.

அப்புறம் அந்தக் கோவாச். பயர்னுக்கு வந்தார், முதல் வருடமே லீகும் கோப்பையும் வென்றார். அடுத்த நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம், ஆமாம், தான் விட்டுவந்த அதே ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5 என்று தோற்றார். மறுநாள் வேலை போய்விட்டது. தாளைக் கொடுக்கும்போது இதை மட்டும் அந்த 31 வயதுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள் சார். பாவம், இப்போதுதானே வருகிறார்.