பாகிஸ்தானின் ஸ்வாத், வஜிரிஸ்தான்: கேள்வி பதில்

வாசு: எஃப்சிஆர் சட்டம் அவ்வளவு மோசமா?

எல்லைப்புறக் குற்றச் சட்டம் இது. பழங்குடிப் பகுதிகளுக்காக (பின்னாளில் ஃபாட்டா, வஜிரிஸ்தான் அதில்தான்) 1901-இல் ஆங்கிலேயர் போட்டது, 2018-இல் நீக்கப்பட்டது. அப்பீல், வக்கீல், வாதம் மூன்றும் நெடுங்காலம் இருக்கவில்லை. 40-வது பிரிவின்படி பொலிட்டிக்கல் ஏஜென்ட், அதாவது அப்பகுதியை நிர்வகித்த அரசு அதிகாரி, நன்னடத்தை ஜாமீன் கேட்பார். கட்டாதவருக்கு மூன்று வருடம் வரை சிறை. ஒருவன் தப்பு செய்தால் அவன் குலத்தாரின் கடைக்கும் சீல். 1973 அரசியல் சாசனத்தின் 247-வது பிரிவு உயர் நீதிமன்றத்தையும் உள்ளே விடவில்லை. ஏஜென்டின் கை மாலிக்குகள், அதாவது அரசுப் படி வாங்கிய குலத்தலைவர்கள். தாலிபான் முதலில் அவர்களைத்தான் கொன்றது. அவர்கள் போனதும் ஏஜென்டுக்கு ஊருக்குள் ஆள் இல்லை.

கரிசல்: ஸ்வாத்திலும் இதே சட்டம்தானே?

இல்லை. ஸ்வாத் ஃபாட்டாவில் இருந்ததில்லை. 1969 வரை வாலி என்ற மன்னர் ஆண்ட சமஸ்தானம். வழக்கமும் ஷரியத்தும் கலந்த தீர்ப்பு சட்டென்று வரும். பாகிஸ்தானோடு முழுதாக இணைந்தபின் நிலத் தகராறுகள் வருடக்கணக்கில் இழுத்தன. 1975-இல் வந்த தனி விதிகளை உச்ச நீதிமன்றம் 1994-இல் ரத்து செய்தது. அடுத்து எந்தச் சட்டம் என்ற குழப்பத்தில் மதகுரு சூஃபி முகமது ஷரியத் கேட்டு ஆட்களைத் திரட்டினார். அந்த நவம்பரில் விமான நிலையத்தையே பிடித்தார்கள்.

செல்வி: கோர்ட் தாமதம் எங்கும் உண்டு. மதவெறிக்கு இது சாக்கு.

தாமதம் மட்டும் போதாதுதான். ஆனால் ஸ்வாத் தாலிபான் தலைவர் ஃபஸ்லுல்லா எஃப்எம் வானொலியில் போலியோ சொட்டு மருந்தையும் பெண் கல்வியையும் திட்டியபோது, கூடவே வழக்கும் தீர்த்தார். கூட்டம் சேர்ந்தது எதற்காக என்று பிரித்துப் பாருங்கள்.

செல்வி: அப்படியானால் 2009-இல் ஷரியத்படி தீர்ப்பளிக்கும் காஜி நீதிமன்றம் தந்தபிறகு தாலிபான் ஏன் அடங்கவில்லை?

சரியான அடி. ஏப்ரலில் அதிபர் ஜர்தாரி அதற்குக் கையெழுத்திட்டார். அதே மாதம் ஆயுததாரிகள் பக்கத்து மாவட்டமான புனேரில் நுழைந்தார்கள், மே மாதம் ராணுவம் இறங்கியது. கோரிக்கை மக்களுடையது, துப்பாக்கி தாலிபானுடையது. அரசு பேசியதோ துப்பாக்கியோடு. 2004-இல் வஜிரிஸ்தானில் போட்ட ஷகாய் ஒப்பந்தத்திலும் இதே பிழைதான்: தாலிபான் தளபதி நேக் முகமதுவோடு ராணுவம் நேரே கைகுலுக்கியது, மாலிக்குகள் செல்லாக்காசானார்கள்.

மணி: ஸ்வாத் ஃபாட்டாதானே?

கரிசலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தமிழ்: டிரோன் தாக்குதல் சட்டப்படி சரியா?

சர்வதேசச் சட்டம் படித்தவரைக் கேளுங்கள்.

நிலா: 2018-இல் ஃபாட்டாவை கைபர் பக்துன்க்வா மாகாணத்தோடு இணைத்த பிறகு சரியாகிவிட்டதா?

காசாதார் என்ற பழங்குடிக் காவல் படையைப் போலீசில் சேர்த்தார்கள், கோர்ட் வந்தது. பெரும்பகுதி நிலத்துக்கு அளவையும் இல்லை, பதிவேடும் இல்லை. சிவில் நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பு எழுதுவார்? படை எண்ணிக்கையை விட்டு நில அளவைப் பணியைக் கவனியுங்கள்.