உங்கள் தீவில் பெரட்டுக்களம் எதற்கு?

கேள்வி: பாடசாலையில் படிப்பிக்கிறேன். மனம் ஆறட்டும் என்று அனிமல் கிராசிங், ஸ்டார்டியூ வேலி, ஹே டே என்ற மூன்று வீடியோ கேமையும் விளையாடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தினமும் 40 நிமிடம் என்று அட்டவணை போட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒன்றை விட்டால் அது பாழாகிப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? பி.கு: ஸ்டார்டியூவில் தேயிலை நட்டேன், கொழுந்தே காணோம். தேயிலை மலையில் வாழும் கொட்டகலைக்காரிக்கே இந்தக் கதியா?
– ஒரு வாசகி, கொட்டகலை

பதில்: மனம் ஆறுவதற்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர அட்டவணை! விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழும்பி, தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுத்த சனத்தின் பிள்ளைகள் நாம். அது ரத்தத்தில் ஊறிவிட்டதோ என்னவோ, யாரும் கூப்பிடாமலே மூன்று தோட்டத்தில் பேர் போடப் போகிறீர்கள். கங்காணியும் நீங்களேதான்.

முதலில் அந்தப் பாழாகும் பயம். அனிமல் கிராசிங்கில் நீங்கள் குடியிருக்கும் தீவு நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுவது. நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அங்கே பொழுது விடியும். சரி, ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும்? களை மண்டும். வீட்டுக்குள் கரப்பான் ஓடும். அயலவர்கள் "எங்கே போயிருந்தீர்கள்?" என்று விசாரிப்பார்கள். அதன் 'நியூ ஹொரைசன்ஸ்' பதிப்பில் உங்களைக் கேட்காமல் யாரும் தீவை விட்டுக் கிளம்புவதும் இல்லை. நிஜமாகவே அழுகுவது, வாங்கி விற்கும் டர்னிப் கிழங்குதான். ஞாயிறு காலை வாங்கியதை அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் குப்பை; விலையோ ஒரு நாளில் இரண்டு தடவை மாறும். அதை வாங்குவதை நிறுத்துங்கள், பாதிப் படபடப்பு போய்விடும். அப்புறம் அங்கே கடை வழக்கமாகக் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்திவிடும். கொப்பி திருத்தி முடித்துப் பதினொரு மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு கால் மணி நேரம் போய்வாருங்கள்.

இதை உருவாக்கிய கத்சுயா எகுச்சி, ஜப்பானின் சிபாவில் குடும்பத்தையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு கியோட்டோவுக்கு வேலைக்குப் போனவர். அங்கே பட்ட தனிமையில்தான் இந்த விளையாட்டு கருவானது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம் பையன்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். அதற்குப் போய் வரவுப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள்.

பயிர் செய்கிற ஸ்டார்டியூ வேலி வேறு சாதி. அணைத்தால் அங்கே காலம் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் நீங்கள் விட்ட அதே காலை ஆறு மணிதான். அங்கே ஒரு நாள், காலை 6 மணி முதல் இரவு 2 மணி வரை விழித்திருந்தால், நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் விளையாட்டு பதிவாகும். இப்போது உங்கள் 40 நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்: இரண்டு நாள் முடிந்து, மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிவாக்கில் நீங்கள் சுரங்கத்துக்குள் நிற்கும்போது அட்டவணை மணியடிக்கும். விட்டால் அந்த நாள் போச்சு, தொடர்ந்தால் அடுத்த விளையாட்டு பிந்தும். நீங்கள் தோற்றதில் என்ன ஆச்சரியம்! (ஆடிக் காற்றில் மரம் கம்பியில் சாய்ந்து, கட்டிலுக்கு நாலடி தூரத்தில் நிற்கும்போது கரண்ட் போய், ஒரு நாள் முழுவதையும் பறிகொடுத்தவன் நான். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பேட்டரி கிடையாது.)

ஆகவே இதை நிமிடத்தால் அளக்காதீர்கள், பருவத்தால் அளவிடுங்கள். ஒரு பருவம் 28 நாள், ஆறரை மணி நேரத்துக்கு வரும். சனி, ஞாயிறில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பருவத்தை முடித்து, 28ஆம் இரவு தூங்கவைத்துவிட்டு மூடுங்கள். பருவம் மாறும்போது பழைய பயிர் பெரும்பாலும் பட்டுப்போகும் என்பதால் மனசில் பாக்கிக் கணக்கு நிற்காது. நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினால்தான் எந்தப் பாத்தியில் என்ன நட்டோம், யாருக்கு என்ன தருவதாகச் சொன்னோம் என்று தலையைச் சொறிய வேண்டிவரும். நீண்ட லீவு விடுவதென்றால் அங்கே குளிர்காலம் வரட்டும். வெளியில் அனேகமாக ஒன்றும் விளையாது.

தேயிலைச் செடியை வெட்டுவதுபோல் ஹே டேயைக் கவ்வாத்து பண்ணிவிடுங்கள். கோதுமை 2 நிமிடத்தில் விளையும், சோளம் 5 நிமிடத்தில் விளையும் என்று வைத்திருப்பது உங்களை ஆற்றவா? போனைத் திரும்பத் திரும்பத் தூக்கவைக்கத்தான். விட மனமில்லையென்றால் அதன் அறிவிப்பு மணியையாவது நிறுத்துங்கள். அங்கே பயிர் வாடாது, மாடும் சாகாது. தீனி போடாவிட்டால் பால் தராது, அவ்வளவே. வகுப்பில் தமிழ்ப் பாடம் நடக்கும்போது கோதுமை அறுப்பதில்லை என்று நம்புகிறேன்.

கடைசியாக, தேயிலை. கன்று முதிர 20 நாள் வேண்டும். அதன் பிறகும் வெளியில் நட்ட செடி ஒவ்வொரு பருவத்திலும் 22 முதல் 28 வரைதான் கொழுந்து தரும், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. கண்ணாடிக் கூடத்துக்குள் நட்டால் குளிர்காலத்திலும் அந்த ஏழு நாள் கிடைக்கும். ஏழெட்டு நாளுக்கொரு தடவை அதே மலைக்குத் திரும்பிவந்து, சுற்று பிந்தினால் கொழுந்து முத்திவிடும் என்று ஓடியே முப்பது வருசம் கூடை சுமந்தவர் என் அம்மா. மாதத்தில் ஏழு நாள்தான் கொழுந்து, மிச்ச நாளெல்லாம் மீன்பிடி என்று அவரிடம் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அந்தத் தோட்டத்துல ஆள் எடுக்கிறாங்களா?"