சுவான்சோவுக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, சீனாவில் சுவான்சோ பக்கத்து ஷுயிதோவில் கிரானைட் கம்பெனியில் ஸ்லாப் (அறுத்த கல் பலகை) பார்த்து எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை, அரிசி, குளிர், மொழி எல்லாம் எப்படி, சுவான்சோவில் பழைய தமிழ்க் கோயில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி கிடைக்கும், குளிர் தாங்கலாம், வாடகையைக் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விசா. வேலைக்கான 'இசட்' விசா கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். "இப்போதைக்கு 'எம்' விசாவில் வாங்க, அப்புறம் மாற்றிக்கலாம்" என்பார்கள். அது வியாபாரமாக வந்துபோகிறவர்களுக்கு உள்ளது, அதில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். என்னை அழைத்த முதலாளி அப்படித்தான் அழைத்தார். சோதனைக்கு ஆள் வந்தால் கல் யார்டின் பின்வாசலைக் காட்டுவார். சம்பளத்தை நிறுத்தியபோது எங்கேயும் போய்ப் புகார் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 'இசட்' விசாவில் வந்தாலும் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டலில் இல்லாமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், பதிவுச் சீட்டை உங்கள் கையில் வாங்குங்கள்.

அடுத்தது, நம் ஆட்கள். வருடக்கணக்காக இங்கேயே இருந்துகொண்டு, சாயங்காலமானால் ஒரே வீட்டில் கூடி ரசம் சாதம் சாப்பிட்டு இந்த ஊரைத் திட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் சேராதீர்கள். மாண்டரின் படியுங்கள், பெரியவர்களிடம் இந்த வட்டாரப் பேச்சான ஹொக்கியனிலும் நாலு வார்த்தை பேசுங்கள். இங்கே விலை படிவது தேநீர் மேசையில்தான், ஊற்றிக் கொடுத்தால் அவசரப்படாமல் உட்காருங்கள். பிழைக்கப் போவது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பினாங்கு, சிங்கப்பூர், மணிலா எல்லாம் இவர்கள் தாத்தாக்கள் போன ஊர்கள், அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் இன்னும் கிராமங்களில் நிற்கின்றன. எனக்குச் சம்பளம் வராத மாதங்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய மாமனார் மணிலாவில் மூட்டை தூக்கியவராம். "நீ சாப்பிடு, அவருக்கும் அங்கே யாரோ கொடுத்திருப்பார்கள்" என்றார். அந்தக் கஞ்சிக்காகவே ஹொக்கியன் படித்தேன். இன்று கல் பிளாக் விலையை நானே பேசுகிறேன், மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை.

கோயில் இப்போது இல்லை. 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல்நலத்துக்காக, அவருடைய அனுமதியோடு செய்த காரியம் அது. இதை வைத்துக்கொண்டு தமிழன் சீனாவை ஆண்டான் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வந்தவர்கள் வணிகர்கள், இந்த ஊர் இடம் கொடுத்தது, அவர்கள் ஊரோடு ஒட்டி வாழ்ந்தார்கள். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

கோயில் கல்லைப் பார்க்க வேண்டுமானால் கையுவான் பௌத்தக் கோயிலுக்குப் போங்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் பழைய இந்துக் கோயிலிலிருந்து வந்த இரண்டு தூண்கள் இருக்கின்றன. நரசிம்மர் இருக்கிறார், மருத மரங்களை முறிக்கும் கண்ணன் இருக்கிறான். கல் வேலை தெரிந்தவர் நீங்கள், உளி போன விதத்தை நிதானமாகப் பாருங்கள். மார்ச்சில் பக்கத்து நகரமான சியாமெனில் கல் கண்காட்சி வந்துவிட்டால் ஒரு ஞாயிறும் மிஞ்சாது, அதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.