டீசல் பாதியில் நிற்பதற்கு டியூப் காரணமில்லை

நண்பரே, 35 லிட்டர் கேனை மட்கார்டு மேல் வைத்து டிராக்டர் டேங்குக்கு டியூப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது, டியூபில் ஓட்டையோ என்று கேட்டிருந்தீர்கள். டியூப் மேல் பழி போடாதீர்கள். கேனில் இறங்கும் மட்டமும் டேங்கில் ஏறும் மட்டமும் சமமானதும் ஓட்டம் நின்றுபோகும், அவ்வளவுதான். கேனின் அடியே டேங்க் வாய்க்கு மேலே இருந்தால் முழுதும் இறங்கும்.

ஆனால் நிறைந்த கேன் 30 கிலோ வரும், தினமும் தூக்கினால் இடுப்பு போய்விடும். நடுவில் ரப்பர் பல்ப் வைத்த கை பம்ப் வாங்குங்கள், கேன் தரையிலேயே இருக்கட்டும். பல்பில் உள்ள அம்புக்குறி டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். நான் முதல் தடவை தலைகீழாக மாட்டி அரைமணி நேரம் அமுக்கியதில் கை வலித்ததுதான் மிச்சம்.

கேனின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு விட்டுவிடுங்கள், தண்ணீரும் கசடும் அங்கேதான் தங்கும்.

வாயால் உறிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தப்பித்தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.