லெப்டினென்ட் கொலம்போ: சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

போன சனிக்கிழமை நம் சிங்கப்பூர் வாசிப்புக் குழுவில் கொலம்போ தொடரைப் பற்றியும் அதையொட்டி வந்த நாவல்களைப் பற்றியும் பேசினேன். பேச்சு நீண்டு நேரம் போனதால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி வந்தேன். நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் சட்டக் கேள்விகளும் கலந்திருக்கின்றன.

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. கொலம்போ, லாஸ் ஏஞ்சலிஸ் போலிஸில் கொலை வழக்குகளைத் துப்புத் துலக்குபவர். அவராக நடித்தவர் பீட்டர் ஃபாக். முதல் தொலைக்காட்சிப் படம் 1968-இல் வந்தது. 1971 முதல் 1978 வரை தொடராக ஓடி, பிறகு 1989-இல் மீண்டும் தொடங்கி 2003 வரை போனது. மொத்தம் 69 படங்கள்.

செங்காங் வாசகி: கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் பார்க்க என்னக்கா இருக்கிறது?

நல்ல கேள்வி. எனக்கும் முதலில் இதே எண்ணம்தான் இருந்தது. இந்த முறையைத் தொடர் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இலேயே இப்படிக் கதைகள் எழுதிவிட்டார். முதல் பாதியில் குற்றம், மறுபாதியில் அது எப்படி வெளியே வந்தது என்பது. 'யார் செய்தது' என்ற கேள்வி போய்விடுகிறது. அதனிடத்தில் 'எங்கே தவறினான்' என்ற கேள்வி வருகிறது. கொலைகாரன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் திட்டம் முழுவதையும் பார்த்திருக்கிறோம், நமக்கும் ஓட்டை தெரியவில்லை. கசங்கிய மழைக்கோட்டோடு வருகிற மனிதருக்கு மட்டும் தெரிகிறது. அதுதான் சுவை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1971-இல் வந்த ஓவிய விமர்சகர் கதையைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். யூடியூபில் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டிருப்பார்கள், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இந்தத் தொடரில் ஒளித்து வைத்திருப்பதே அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான்.

விமர்சகர் தன் மாமாவைக் கொன்று, ஓவியங்களைத் திருடி, பழியை அத்தை மேல் போட அவர் வீட்டில் ஒளித்து வைக்கிறார். ஓவியங்கள் அங்கே கிடைத்ததும் கொலம்போ அவற்றில் கைரேகை தேடச் சொல்கிறார். அத்தையின் ரேகையை அல்ல, தன்னுடைய ரேகையை! முன்பொரு நாள் விமர்சகர் கையிலிருந்த பையில் ஓவியம் இருந்தபோது, கொலம்போ ஆர்வக்கோளாறு மாதிரி அதைத் தொட்டுவிட்டிருந்தார். "இப்போதுதான் நீ தொட்டாய்" என்று விமர்சகர் கத்துகிறார். கொலம்போ கோட்டுப் பையிலிருந்து மெதுவாக இரண்டு கைகளையும் வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருபது தடவை பார்த்திருப்பேன், அந்தக் கை வெளியே வரும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: அவருடைய முழுப்பெயர் பிலிப் கொலம்போதானே?

இல்லை. இதை எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் துணுக்குத் தகவல்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். தன் உழைப்பை யாராவது திருடினால் கண்டுபிடிக்க, வேண்டுமென்றே 'பிலிப்' என்ற பொய்ப் பெயரை அதில் வைத்தார். டிரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டில் அதே பெயர் வந்தது. 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது சட்டம். தொடரில் ஒரு காட்சியை நிறுத்திப் பார்த்தால் அடையாள அட்டையில் 'ஃபிராங்க்' என்று இருக்கும். ஆனால் உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் அவருக்கு முதற்பெயர் வைக்கவே இல்லை.

ஈசூன் வாசகி: அவர் மனைவி நிஜமாகவே இருக்கிறாரா, கற்பனையா?

இருக்கிறார். திரையில் வருவதில்லை, அவ்வளவுதான். 1979-இல் மனைவியை வைத்துத் தனித் தொடர் எடுத்தார்கள், அடுத்த ஆண்டே நின்றுவிட்டது. முகம் காட்டாமல் இருந்தவரை அந்த அம்மாளை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முகம் காட்டியதும் யாரோ ஆகிவிட்டார்.

தோ பாயோ வாசகர்: கொழும்புக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

இல்லை ஐயா. இத்தாலிய வம்சாவளி.

பொத்தோங் பாசிர், ஓய்வுபெற்ற ஆசிரியை: நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

டீச்சர், மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் வந்தவை சின்னப் பேப்பர்பேக் புத்தகங்கள். சில, திரையில் வந்த கதையையே உரைநடையாக மாற்றியவை. படம் பார்த்தவர்களுக்கு அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது குவியல் வில்லியம் ஹாரிங்டன் தொண்ணூறுகளில் எழுதியவை. 1993-இல் வந்த நாவலில் அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையை இழுத்தார், 1994-இல் சார்ல்ஸ் மேன்சன் என்பவனின் கும்பல் செய்த கொலைகளை, 1995-இல் காணாமல் போன தொழிற்சங்கத் தலைவர் ஹாஃபாவை. எனக்கு இது பிடிக்கவே இல்லை. கொலம்போவின் எதிரி ஒருவன்தான். பணக்காரன், படித்தவன், இந்த ஆள் முட்டாள் என்று நம்புகிறவன். அவன் வீட்டு வரவேற்பறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுதான் கதை. அங்கே ஒரு நாட்டின் வரலாற்றையே கொண்டுவந்து கொட்டினால் அந்த அறை தாங்குமா? படித்ததை வைத்து 'கொலம்போ கென்னடி வழக்கையும் பார்த்தார்' என்று தொடரின் கணக்கில் சேர்க்காதீர்கள். நாவல் வேறு, தொடர் வேறு.

மூன்றாவது, 2010-இல் வில்லியம் லிங்க்கே எழுதிய 12 சிறுகதைகள். அவரும் லெவின்சனும் பள்ளிக்காலத் தோழர்கள். லெவின்சன் 1987-இல் இறந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய லிங்க், இரண்டு பேராகப் படைத்த மனிதரைத் தனியாக உட்கார்ந்து எழுதினார். எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை. ஆனாலும் முதலில் இதைப் படியுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் பேப்பர்பேக் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அவர் மனைவி...

மேலே சொல்லிவிட்டேன்.

பிடோக், ஓய்வுபெற்ற போலிஸ் அதிகாரி: உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இவர் பிடித்த ஆட்களில் பாதிப் பேர் நீதிமன்றத்தில் தப்பித்துவிடுவார்கள். பொய் சொல்லிப் பொறி வைக்கிறார். கடைசியில் குற்றவாளி முகம் தொங்கிப்போய்ச் சிரிக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. முகம் தொங்கியது சாட்சியமா?

கோபம் இல்லை சார். இந்தச் சீட்டுக்காகத்தான் இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

முதலில் பொய். அமெரிக்காவில் போலிஸ் விசாரணையில் பொய் சொன்னதாலேயே வாக்குமூலம் செல்லாமல் போகாது, 1969-இலேயே அவர்கள் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று போலிஸ் சொல்லவேண்டிய மிராண்டா எச்சரிக்கை, பிடித்து வைத்து விசாரிக்கும்போது வேண்டும். கொலம்போ யாரைப் பிடித்து வைக்கிறார்? அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் சோபாவில் உட்கார்ந்து கேட்கிறார். "வெளியே போ" என்று சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கர்வத்தால் சொல்வதில்லை.

முகம் தொங்கியது சாட்சியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1968 படத்தை எடுங்கள் (பார்க்காதவர்கள் தாண்டுங்கள்). கொலைகாரரான மனநல மருத்துவருக்கு உடந்தையாக இருந்த பெண் இறந்துவிட்டதாகக் கொலம்போ அவரை நம்ப வைக்கிறார். அவளை ஒருநாளும் விரும்பியதில்லை என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்கிறார். அவள் உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு சாட்சிக் கூண்டில் ஏறப்போவது அவள். இது முகம் அல்ல சார், ஆள்.

கிளமெண்டி, சட்ட மாணவர்: பிடோக் சார் சொல்வது அமெரிக்க ஜூரிக்குத்தான் பொருந்தும். இங்கே நடந்திருந்தால்?

தம்பி, தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியே இங்கே கிடையாது. 1969-இல் சட்டம் இயற்றி எடுத்துவிட்டார்கள், வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தும். பன்னிரண்டு பேரை மயக்கும் நாடகம் இங்கே எடுபடாது, நீதிபதி ஒருவர் உட்கார்ந்து காரணத்தை எழுத்தில் தருவார். ஆனால் போலிஸிடம் கொடுத்த வாக்குமூலம், மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் கொடுத்திருந்தால், இங்கே செல்லும். இந்தியாவில் போலிஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சுஜாதா தன் கணேஷையும் வசந்தையும் வக்கீல்களாக வைத்தது அந்த மண்ணுக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் கோர்ட்டை நினைத்துக்கொண்டே துப்புத் துலக்க வேண்டும்.

பிடோக் அதிகாரி, இரண்டாம் சீட்டு: மாணவர் கெட்டிக்காரர். ஆனால் 'இன்னும் ஒரே ஒரு கேள்வி' என்று வாசல் வரை போய்த் திரும்புவது வெறும் நாடகம். எந்த விசாரணையிலும் நான் பார்த்ததில்லை.

அது பிறந்த கதை உண்மையில் சோம்பல்தான். லெவின்சனும் லிங்க்கும் முதலில் மேடை நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி குட்டையாகிவிட்டது. கொலம்போ ஏற்கெனவே வெளியே போய்விட்டார். தட்டச்சுப் பக்கத்தை மறுபடி அடிக்க மனமில்லாமல், அவரைத் திரும்பி வரவைத்து ஒரு கேள்வி கேட்க வைத்தார்கள்.

ஆனால் சார், நீங்கள் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன். சாட்சியின் பக்கத்தில் நிற்பவள் நான். குறுக்கு விசாரணை முழுவதும் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டே நின்றார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு நொடி எடுத்தார். முடிந்தது என்றதும் கை அவிழ்ந்தது, ஒரு கால் படியில். அப்போது வக்கீல் தலை நிமிராமல், "அன்றைக்கு எந்தச் செருப்புப் போட்டிருந்தீர்கள்?" என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. அந்த ஒரு நொடி அவர் எடுக்கவில்லை.

பாசிர் ரிஸ் வாசகி: மனைவி பற்றி...

மூன்றாவது சீட்டு! இருக்கிறார் அம்மா, இருக்கிறார்.

பிடோக் அதிகாரி, மூன்றாம் சீட்டு: சரி, நான் கைது செய்ய ஒப்புக்கொள்ளும் ஒரு படத்தைச் சொல்லுங்கள்.

1974-இல் வந்தது. கொலைகாரன் கொலம்போவின் மேலதிகாரி, துணை ஆணையர். முடிவைச் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் டிஸ்க் கொண்டுவருகிறேன், முன்வரிசையில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன். கடைசிக் காட்சியில் அந்த வீடு யாருடையது என்பதை மட்டும் கவனியுங்கள்.